உசிரோட ஒண்ணு

வெள்ளைக் கோட்டு போட்ட பெண் படியேறியதுமே ஓட்டல்காரர் வாசலுக்கு ஓடினார். சுகாதார ஆபீசர் இன்று வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து மனுஷன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. போன தடவையே எச்சரிக்கை. இந்தத் தடவை ஒரு பூச்சி கண்ணில் பட்டாலும் கடைக்குப் பூட்டுதான்.

"வாங்க மேடம்! அடுப்படி பளபளன்னு இருக்கு, வந்து பாருங்க."

"ஐயோ, நான் மேடம் இல்லண்ணே. யூனிவர்சிட்டில பயாலஜி, ரெண்டாவது வருஷம்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. "டீயா, காபியா?"

"கரப்பான்பூச்சி."

வந்த உயிர் மறுபடி போனது.

"பத்து மணிக்குப் பிராக்டிகல் பரீட்சைண்ணே. கரப்பானோட வாயைப் பிரிச்சு ஸ்லைடுல வைக்கணும். பூச்சியை நாமதான் கொண்டு போகணும். நான் பிடிச்சு வச்சிருந்ததை எங்கம்மா துடைப்பத்தால அடிச்சே கொன்னுட்டாங்க. அப்பாதான் இங்க கட்டாயம் கிடைக்கும்னு கூட்டிட்டு வந்தார்."

"உங்கப்பாவுக்கு எப்படித் தெரியுமாம்?"

"போன தடவை வந்தப்பவே பார்த்தாராம்."

"அவர் கண்ணுல கொள்ளிய வைக்க! இங்க அதெல்லாம் கிடையாது, கிளம்பும்மா."

அவள் வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "இது போச்சுன்னா ஒரு வருஷமே போச்சு. ஒரே ஒரு கரப்பாண்ணே!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தங்கள் தட்டை உற்றுப் பார்த்தார்கள். ஓட்டல்காரர் தெருவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீசர் வருகிற நேரத்தில் இந்த ஒப்பாரி வேறயா?

"கத்தாதே, இரு! மாஸ்டர், அந்த மாவு டின்னுக்குப் பின்னாடி..."

மாஸ்டர் ஒரு நிமிஷத்தில் பாட்டிலோடு வந்தார். உள்ளே மூன்று ஊர்ந்தன. "நல்லா கொழுத்ததாப் பார்த்துப் பிடிச்சேன் பாப்பா" என்று பெருமை வேறு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டிலில் ஒரு லேபிள் ஒட்டினாள். "எங்க பிடிச்சது, என்னிக்கு, யார் கொடுத்ததுன்னு இல்லைன்னா எங்க புரொபசர் மார்க்கை வெட்டிடுவார். ஒரு கையெழுத்துண்ணே."

இவள் தொலைந்தால் போதும் என்று கடைப் பெயர், தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"கும்பிடறேன், சீக்கிரம் போம்மா."

அவள் வாசலுக்கு ஓடி, எதிரே நின்ற காரைப் பார்த்து பாட்டிலை உயர்த்திக் காட்டினாள்.

"அப்பா, என் வேலை முடிஞ்சுது. இனி நீங்க வந்து உங்க இன்ஸ்பெக்‌ஷனை ஆரம்பிக்கலாம்!"