வெள்ளைக் கூடம்

கார் விற்பனை மையத்தைப் புதுப்பிக்க வந்த ஆர்க்கிடெக்ட் வின்சென்ட், முதலில் நாற்காலிகளை எடுக்கச் சொன்னார். பிறகு சாமி படம், கடிகாரம், கோமளா பதினோரு வருடமாக உட்கார்ந்து கார் விற்ற மேசை எல்லாம் போயின. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கார். அவளுக்கும் வெள்ளைச் சீருடை கொடுத்து, சுவரோரமாக நிற்கச் சொன்னார்கள்.

இன்று அந்தக் காரும் விற்றுப்போனது. வாங்கியவர்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். கோமளா குனிந்து தோல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வின்சென்ட் உள்ளே வந்தார். காலிக் கூடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இப்பதாம்மா அழகா இருக்கு. காருதான் இவ்வளவு நாளா இடைஞ்சலா இருந்திருக்கு."

"வேற வண்டி நாளைக்கு வந்துடும் சார்."

"ஒண்ணும் அவசரமில்ல. ஆனா இன்னும் என்னமோ ஒண்ணு கண்ணை உறுத்துது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோமளா கடைசிக் கறையையும் துடைத்தாள். தோல்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

இப்போது எதுவும் உறுத்தவில்லை.