தார்ப்பாய்க்கு அடியில் இன்னொன்று

காலை வெயிலில் வெள்ளைக் கார் பளபளக்கிறது. அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடி வருஷக்கணக்காகிறது. ஸ்டியரிங்கைத் தடவியபடி மருந்துக்கடைக்காரர் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவியின் கண்ணைத்தான் ஒன்று உறுத்துகிறது. மற்றக் கைப்பிடியெல்லாம் வெள்ளையாயிருக்க, பின்கதவில் மட்டும் நீலம். "ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமாங்க?" என்று கேட்கிறாள். "எனக்குக் கேட்டப்பல்லாம் கிடைச்சிருக்கும்மா," என்று சிரிக்கிறார் விற்பவர். சிரித்துக்கொண்டே கொல்லைக்குப் போகும் வழியை மறித்து நிற்கிறார். கை கழுவணும் என்று சொல்லி அவள் அவரைத் தாண்டிப் போகிறாள். குழாயடியில் எதையோ மூடிய தார்ப்பாய். காற்று அதன் ஓரத்தைத் தூக்குகிறது. அதே கார், நீல நிறத்தில், சக்கரமில்லாமல் செங்கல் மேல் நிற்கிறது. விளக்கிருந்த இடமெல்லாம் பல் பிடுங்கிய வாய். பின்கதவில் கைப்பிடி இல்லை. "என்னம்மா, முடிச்சிரலாமா?" என்று முன்னாலிருந்து கணவர் கூவுகிறார். "முடிச்சிரலாங்க. இதையும் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க," என்கிறாள். பின்னாலேயே ஓடிவந்த விற்பவரின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோகிறது. தார்ப்பாயை இழுத்து மூடுகிறார். "இதை மட்டும் குடுக்க முடியாதும்மா. என் பையனும் இதே வண்டிதான் வச்சிருக்கான்."