குடைக்காரி

"முடியாதுன்னா முடியாது. கொடுக்க மாட்டேன். நடையைக் கட்டு!"

அப்பா போட்ட சத்தத்தில், சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த மகள் பாதி டீயை மேடையில் கொட்டிவிட்டாள்.

திட்டு வாங்கியவர் டெய்லர் மாமா. பள்ளிக்கூடத்தில் அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தே ஒரு வாரம் ஆகவில்லை. கைத்தடியை ஊன்றி, மாடிப்படியில் அங்கங்கே நின்று மூச்சு வாங்கி, ஏறி வந்திருந்தார்.

வந்தது ஒரு பொம்மைக்காக.

அப்பாவின் கண்ணாடி அலமாரி முழுக்கப் பொம்மைகள்தான். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில், தலையாட்டும் ரப்பர் நாய், கை கால் மடங்கும் விண்வெளி வீரர்கள். பஸ் ஓட்டிய காலத்தில், போகிற ஊரிலெல்லாம் பழைய சாமான் கடைகளில் நுழைந்து தேடிச் சேர்த்தவை. நடுத் தட்டில் இருப்பது மட்டும் சின்ன வயதுச் சொத்து. கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்க்கஸ். கோமாளி, யானை, சைக்கிள் ஓட்டும் கரடி, குடை பிடித்துக் கயிற்றில் நடக்கும் பெண்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூட வாசல் கடையில் பொட்டலமாக விற்பார்கள். பிரிக்கிறவரைக்கும் உள்ளே யார் என்று தெரியாது. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கோமாளி எல்லோருக்கும் வருவான். குடைக்காரி எவனாவது அதிர்ஷ்டக்காரனுக்குத்தான். வந்தாலும் குடை ஒடிந்திருக்கும்.

அப்பாவிடம் இருப்பவளின் குடை ஒடியவில்லை. டெய்லர் மாமாவிடமும் அதே சர்க்கஸ் இருந்தது, அவள் ஒருத்தியைத் தவிர.

"அந்தப் பொட்டலத்தை மொதல்ல கையில எடுத்தது நான்டா."

"எடுத்தே. குலுக்கினே. 'இது கரடி'ன்னு சொல்லித் திருப்பி வச்சே. நான் எடுத்துக்கிட்டேன்."

"கரடி மாதிரிதான்டா கேட்டுது!"

"உன் காது சரியில்லேன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

முன்பெல்லாம் எப்போதாவதுதான் இந்த வழக்கு நடக்கும். அம்மா போன பிறகு, மாமா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைத் தவிர, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறுவதில்லை.

மாமா ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனார். மகளுக்குப் பொறுக்கவில்லை.

"உடம்புக்கு முடியாத மனுஷன்ப்பா. கொடுத்தா என்ன குறைஞ்சிடப் போறீங்க?"

அப்பா ரயில் பெட்டியின் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ உன் வேலையைப் பாரு."

அவ்வளவுதான். மறுபடி வாயை மூடிக்கொண்டார். மற்ற நாட்களில் அவரிடமிருந்து ஒரு 'ம்' வாங்குவதே பெரும்பாடு. வாய் திறப்பது இந்த ஒரு சிநேகிதரிடம்தான். அதுவும் சண்டை போட! இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பா கண்ணயர்ந்ததும் அலமாரியைத் திறந்தாள். குடைக்காரியைப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டெய்லர் மாமா வீட்டு முன்னறையில் தையல் மெஷின் உறை மூடிக் கிடந்தது. மாமா உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"வாம்மா! என்ன, வெயில்ல வந்திருக்கே?"

அவள் டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் சமாளிச்சுக்கறேன். இனிமே படியேறி வந்து திட்டு வாங்காதீங்க மாமா."

மாமா பஞ்சை விலக்கினார். விரல் நுனியால் அந்தச் சின்னக் குடையைத் தொட்டார். முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து போனான்.

"அப்படியே இருக்கா பாரு!"

பிறகு பஞ்சைப் பழையபடி சுற்றி, டப்பாவை மூடி, அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"அவன் எழுந்திரிக்கறதுக்குள்ள கொண்டு போய் இருந்த எடத்துல வச்சிடும்மா."

"ஏன் மாமா?"

"அந்தப் பீரோவைத் திற."

திறந்தாள். மடித்து வைத்த வேட்டிகளுக்கு மேல் தட்டில் அதே சர்க்கஸ். கோமாளி, யானை, கரடி. அவர்களுக்கு நடுவே குடைக்காரி. குடை ஒடியாமல்.

அவள் கையிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். அதிலும் ஒரு குடைக்காரி.

"இது... எப்போ மாமா?"

"உங்கம்மா தவறின மாசம். என்கிட்ட துணி தைக்கக் கொடுக்கற ஒருத்தர், அவர் வீட்டுப் பரண்ல கெடந்துதுன்னு கொண்டாந்து கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியல. உங்கப்பன்கிட்ட காட்டணும்னு சட்டைப்பையில போட்டுக்கிட்டு ஓடி வந்தேன்."

"காட்டவே இல்லையே?"

"எங்கேம்மா காட்டறது? வெளக்குகூடப் போடாம சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஏறிட்டுக்கூடப் பார்க்கல. கடைசியில என்ன பேசறதுன்னே தெரியாம, பழக்கதோஷத்துல 'அந்தக் குடைக்காரியைக் கொடுடா'ன்னு கேட்டுட்டேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"சட்டுனு நிமிர்ந்து பார்த்து, 'முடியாது போடா'ன்னான். உங்கம்மா போனதுக்கப்புறம் அவன் வாயிலேருந்து வந்த மொத வார்த்தை அதுதான்."

அவள் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்காக இந்த உடம்போட, வாரா வாரம் படியேறி வந்து..."

"வேற வழி? நான் கேக்கறதை நிறுத்திட்டா, அப்புறம் அவன் யார்கூடம்மா சண்டை போடுவான்?"