திருப்பி முட்டிய புரொப்பெல்லர்

குளத்தின் நடுவே போய்க்கொண்டிருந்த பொம்மைப் படகில் மோட்டாருக்கும், அதன் தண்டு முனையில் தண்ணீரைத் தள்ளும் விசிறியான புரொப்பெல்லருக்கும் தகராறு.

“தண்டு வழியா நான் சுத்தச் சொன்னா சுத்து. அதே தண்டு வழியா என்னைத் திருப்பி முட்டாதே,” என்றது மோட்டார்.

“முட்டத்தான் செய்வேன். தண்ணியை உதைச்சு நான் உங்களை முட்டுறேன், நீங்க படகை முட்டுறீங்க. அதுலதான் படகு போகுது,” என்றது புரொப்பெல்லர்.

“எதிர்த்துப் பேசுறியா?” மோட்டார் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் சுற்றியது. மரை கழன்று புரொப்பெல்லர் குளத்தடியில் விழுந்தது.

முட்டல் நின்றது. மோட்டார் முழு வேகத்தில் சுற்ற, தண்டும் “சரிங்க, சரிங்க” என்று கூடவே சுற்றியது. “இதுதான் ஒழுங்கு,” என்றது மோட்டார்.

குளத்தடியிலிருந்து புரொப்பெல்லர் கேட்டது:

“கரை சேர்ந்துட்டீங்களா ஐயா? என் தலைக்கு மேல இன்னும் உங்க படகுதான் தெரியுது.”