கறுப்புக் கண்ணாடிக்கு வழி விடுங்க

“கறுப்புக் கண்ணாடி வருது, வழி விடுங்கய்யா!” பந்தல் வாசலில் பஞ்சநாதன் போட்ட சத்தத்தில் வலங்கைமான் பஸ்ஸே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

குத்தகை வழக்கில் கிடந்த களத்தில் அந்த வருஷம் இசை விழா. அரிவாளோடு முறைத்துக்கொண்டிருந்த இரு தரப்பும் சேர்ந்து பந்தல் போட்டு, பார்வையில்லாதவர்களுக்கு மேடையடியில் தனி இடம் ஒதுக்கி, வாசலிலிருந்து பிடித்துக்கொண்டு போகத் தாம்புக் கயிறும் கட்டியிருந்தார்கள்.

முதல் நாளே வினை. கண்ணை மூடிக்கொண்டு நுழைந்த சிலர், சுண்டல் வந்ததும் அகலத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து பஞ்சநாதனுக்கு ஒரே சட்டம்: கறுப்புக் கண்ணாடி உள்ளே, துணைக்கு வந்தவர் வெளியே.

இப்போது கண்ணாடியோடு வந்தவர் ரெத்தினம். அவர் தோளில் கைவைத்து ஓரடி பின்னால் வந்தாள் மனைவி கண்ணாத்தாள். இன்று மகள் சௌந்தரநாயகிக்கு முதல் மேடை, ஒரே ஒரு பாட்டு. ஒலிபெருக்கிக்கோ காலையிலேயே தொண்டை கட்டிவிட்டது. மேடையடியில் இருந்தால்தான் காதில் விழும்.

ரெத்தினத்தின் கையைக் கயிற்றில் வைத்து, குறுக்கு மூங்கிலை இறக்கிவிட்டான் பஞ்சநாதன். இரண்டு தொண்டர்கள் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

“அவளை விடுங்க தம்பி! அவதான்யா...”

“அவங்கதான் உங்க கண்ணு. புரியுதுண்ணே. ஆனா துணைக்கு எடமில்லே.”

மேற்கொண்டு அவர் கத்தியதையெல்லாம் தவில் விழுங்கிவிட்டது.

வாசலில் கூட்டம் ஆடிப்பெருக்கு வெள்ளமாக நெருக்கியது. கண்ணாத்தாள் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் குளம்.

தவில் ஓய்ந்தது. “எம்மவ ஆரம்பிச்சிட்டாளா? யாராச்சும் சொல்லுங்களேன்!” அவள் குரல் அழுகையாக வந்தது.

“கண்ணாத்தா, நவுராதே! ஐயோ, படி விளிம்புல நிக்கிறா, பிடிங்கய்யா!” ரெத்தினம் அலறினார்.

“பார்வை இல்லாட்டியும் மனுஷனுக்கு என்ன ஞானம்!” பஞ்சநாதன் உருகினான். உருகினானே தவிர மூங்கிலைத் தூக்கவில்லை.

மேடையில் சுருதிப் பெட்டி முனகத் தொடங்கியது.

ரெத்தினம் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார். உள்ளே இரண்டு பழுத்த மிளகாய்! பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று தொண்டர்கள் தாவிய தாவலில் பந்தல்கால் ஆடியது. கூட்டம் பிளந்து, குளக்கரை வரை ராஜபாட்டை விழுந்தது.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

“எனக்கு வெறும் மெட்ராஸ் ஐதான்யா. கண்ணு தெரியாதவ இவ, கயித்தை இவ கையில குடு!”