சமையலறைச் சாவி

சமையலறைக் கதவைப் பூட்டி, சாவியை அம்மாவின் கையில் திணித்தாள் மகள். "நான் அழுதாலும் குடுக்காதே. காலைப் பிடிச்சாலும் குடுக்காதே."

"என்னடி கூத்து இது! சொந்த வீட்டுலயே திருடி மாதிரி?" என்றாள் அம்மா. ஆனாலும் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

பின்னே என்னதான் செய்வாள் அவள்? வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து ஆறு வருஷம். பாதி ஆளாக இளைத்து, அந்தத் தெம்பில் பஸ் ஓட்டக் கற்று, வேலையும் வாங்கிவிட்டாள். வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து, போன எடை சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வருகிறது. ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறது.

இப்போது பார்த்து வெளியூர் பஸ்ஸுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் வெளியூரில்தான் தங்கல். எத்தனை நாள் ஏங்கிய இடம்! உடல் தகுதிச் சோதனையில் எடை தாண்டினால் எல்லாம் அம்போ.

டயட்டீஷியன் நம்பவே இல்லை. "மறைக்காம சொல்லுங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு என்ன சாப்பிடறீங்க?"

"சத்தியமா ஒண்ணுமில்லைங்க. நாலு வாய்க்கு மேல போனாலே குமட்டுது."

"அப்ப டிரெயினிங் போய்த் தங்கியிருந்த மாசம் மட்டும் எப்படிக் குறைஞ்சுது? வீட்டுக்கு வந்ததும் நாக்கு கட்டுப்படலை, அதானே?"

கூட வந்திருந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. அவ தட்டை நான்தானே கழுவறேன்? எனக்குத் தெரியாதா?" என்று மேஜையைத் தட்டினாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை நம்ப உலகத்தில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே!

அவளுக்கே தன்மேல் நம்பிக்கை போயிருந்தது. தூக்கத்தில் எழுந்து போய் அள்ளித் தின்கிறோமோ என்று பயம். அதனால்தான் இந்தப் பூட்டு.

பூட்டியதோடு நிற்காமல் சாப்பாட்டையும் பாதியாக்கினாள். டாக்டர் சொன்ன புரோட்டீன் பவுடரை மட்டும் விடவில்லை. அந்த வாடையே அவளுக்கு ஆகாது. அம்மாதான் காலையும் மாலையும் கலக்கிக் கொண்டுவந்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மடக்கு மடக்குன்னு குடிச்சுடு கண்ணு. உடம்புல தெம்பு வேணாமா?"

சோதனையன்று எடை மெஷினில் ஏறினாள். எண் எல்லையைத் தாண்டிப் போய் நின்றது. அந்த இடம் இன்னொருவருக்குப் போயிற்று. "சீட்டை அகலப்படுத்தச் சொல்லட்டுமா அக்கா?" என்று பணிமனையில் ஒருத்தன் இளித்தான். பாவி, அவனுக்கென்ன! அவள் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. உள்ளே மிக்ஸி முன்னால் அம்மா. மகள் வந்து நிற்பது தெரியாமல் காரியத்தில் மும்முரமாக இருந்தாள்.

புரோட்டீன் பவுடர் பேருக்கு ஒரு கரண்டி விழுந்தது. அதன்மேல் டின்னிலிருந்து கிரீமை வழித்து ஊற்றினாள். வெண்ணெயை வெட்டிப் போட்டாள், சர்க்கரையைக் கொட்டினாள். அரைத்து முடித்து, மகளின் கிளாஸை எடுத்து வழிய வழிய நிரப்பினாள்.

"அம்மா!"

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். கையிலிருந்த கிளாஸ் தளும்பியது.

"வெளியூர் பஸ் போச்சும்மா. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது. நீயா? நீயாம்மா இப்படிப் பண்ணே?"

அம்மா கிளாஸை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"குண்டா இருந்தவரைக்கும் என்கூடவேதானேடி இருந்தே?"