ஓரத்தில் ஒரு விரல்

"இவ்வளவுதான் படமா?"

கேட்டவள் தையல்காரரின் மனைவி. கொடுத்த துணியில் கால் மீட்டர் குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் கேட்பார்களே, அந்தக் குரல். பாதயாத்திரை முடித்து அன்று காலைதான் வீடு திரும்பியிருந்த தையல்காரர், கொப்புளம் வெடித்த காலை வெந்நீர் வாளிக்குள் விட்டபடி தலையாட்டினார்.

"அவ்வளவுதான். நான் நடக்கப் போனேனா, படம் எடுக்கப் போனேனா?"

"வேற எங்கயும் வைக்கலையே?"

"வேற எங்க வைப்பேன், சட்டைப் பைக்குள்ளயா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் வந்ததிலிருந்தே அவள் முகம் சரியில்லை. கதவைத் திறந்தவள் அவரைக்கூடப் பார்க்காமல், அவர் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். வீடெல்லாம் புதுப் பெயிண்ட் வாடை. பின் ரூமுக்கு அடித்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சுவர் ஓதம்" என்று வெடுக்கென்று பதில் வந்தது. இத்தனை தூரம் நடந்துவிட்டு வந்த மனுஷனை வாங்க என்று சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்?

இப்போது தைக்க வேண்டிய பொத்தான்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அவர் போனை வெட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள்.

தையல்காரர் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தார்.

ஆற்றுப் பாலத்தில் அவர். மரத்தடியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவர். மழையில் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர். மலையடிவாரத்தில் வாயெல்லாம் பல்லாக அவர். நாலு வருஷமாகச் சிரிப்பையே மறந்திருந்த ஆள் என்று பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். மிச்சமிருக்கிற காலத்துக்கு இந்தப் படங்கள் போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் மனைவி அவர் சிரிப்பைப் பார்க்கவில்லை. பின்னால் நடந்து போகிறவர்களை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகத் துழாவினாள்.

"கூட யாரு வந்தா?"

"தனியாத்தானே போனேன். நீதானே வாசல்ல நின்னு அனுப்பி வச்ச."

"போனது தெரியும். இதையெல்லாம் எடுத்தது யாரு?"

"வழியில போறவங்க. கேட்டா எடுத்துக் குடுப்பாங்க."

"அப்படியா." போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "பாலத்துல எடுத்தவர் ஓரத்துல விரலை வச்சு மறைச்சிருக்கார். மரத்தடியில எடுத்தவரும் மறைச்சிருக்கார். மலையடிவாரத்துலயும் அதே மூலை, அதே விரல். வழியில போறவங்க எல்லாரும் ஒரே இடத்துல பாடம் படிச்சவங்களோ?"

தையல்காரர் வாளித் தண்ணீரைக் காலால் அளைந்தார். சட்டையில் ஒட்டுப் போட்டது தெரியாமல் தைக்கிற கைதான். பேச்சில் அந்த வேலை அவருக்கு வராது.

"டீக்கடை மேஜையில ரெண்டு டம்ளர் இருக்கு," என்றாள்.

"ரெண்டு டீ குடிச்சேன்."

"எதிரும் புதிருமா வச்சா?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "சாமிக்கு நடந்துட்டு வந்திருக்கேன். வந்ததும் வராததுமா போலீஸ்காரன் மாதிரி குடையற. இந்த வயசுல நான் யார் கையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியப் போறேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாரு?"

அவள் கத்தரிக்கோலை மேஜையில் போட்ட வேகத்தில் பொத்தான்கள் உருண்டு தரையெங்கும் சிதறின. அவர் குனிந்து பொறுக்கப் போனார். "அது கிடக்கட்டும், பதிலைச் சொல்லுங்க" என்றாள். உண்மையைச் சொன்னால் இந்த வீடு ரெண்டாகிவிடும். சொல்லாவிட்டாலும் இப்போது ரெண்டாகிவிடும் போலிருந்தது.

"நம்ம பொண்ணு," என்றார், வாளியைப் பார்த்தபடியே.

சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள். 'அவளைத் தலைமுழுகியாச்சு. இனிமே அவ பேச்சை எடுத்தா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்' என்று இதே மேஜையைத் தட்டி மனைவி சொன்னது நாலு வருஷத்துக்கு முன்னால். அன்றிலிருந்து அவரும் மகள் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நான் கூப்பிடலை, சத்தியமா. தற்செயலா நடந்தது. தங்கின சத்திரத்துல ஒரு கை தண்ணி மொண்டு குடுத்துச்சு, நிமிர்ந்து பார்த்தா இவ. கடைசி வரைக்கும் கூடவே நடந்தா. என் பையையும் சேர்த்து அவளே தூக்கினா. பஸ் ஏறும்போது, 'வீட்டுக்கு வரட்டுமாப்பா'ன்னு கேட்டா. உனக்குப் பயந்து நான்தான் வேண்டாம்னுட்டேன்." அவர் குரல் உயர்ந்தது. "அவ இருந்த படம் எவ்வளவோ இருந்துச்சு. உன் கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு பஸ்ஸுல உட்கார்ந்து ஒண்ணு விடாம அழிச்சேன். அழுதுகிட்டே அழிச்சேன், போதுமா? உன் பேச்சை நான் மீறலை. இன்னும் என்ன கோபம் உனக்கு?"

அவள் கோபம் இம்மியும் குறையவில்லை.

"தற்செயலா? நீங்க என்னைக்குக் கிளம்பறீங்க, எந்த வழியா போறீங்கன்னு உங்க தங்கச்சியை விட்டு அவ காதுல போட வச்சது யாரு, நான்தானே? சொன்ன சொல்லை நானே எப்படி முழுங்கறதுன்னுதான் நானா கூப்பிடலை. நீங்க அவளைக் கையோட கூட்டிட்டு வருவீங்கன்னுதானே பின் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சுட்டு வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்?"

படத்தின் மூலையை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். திரை முழுக்க மங்கலாக ஒரு விரல் நுனி நிறைந்தது.

"நாலு வருஷம் கழிச்சு, எம் பொண்ணைப் பார்க்க எனக்குன்னு நீங்க மிச்சம் வச்சது இவ்வளவுதானா?"